மல்லி போச்சு

எஹலியகொட பஸ் நிலையத்தில் டைம்கீப்பர் ஸஹாப்தீன் கையசைத்தால்தான் பஸ் அசையும். இலங்கை கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் ஜெயித்த வருஷம் அது. நல்ல பகல் வேளை, எட்டுத் திசைக்கும் சனம்.

அவிசாவளை பஸ் புறப்பட உறுமியது. அப்போதுதான் மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள் தோட்டத்து அந்தோனியம்மா.

"ஹொரெக் மகே மல்லி அரன் கியா!"

நிலையமே திரும்பிப் பார்த்தது. மல்லி என்றால் சிங்களத்தில் தம்பியாயிற்றே! தம்பியைத் திருடன் தூக்கிக்கொண்டு போய்விட்டானா?

ஸஹாப்தீன் விசிலை ஊதினார். "ஒரு பஸ்ஸும் நகரக் கூடாது!"

"ஸஹாப்தீன் நானா, நாளைக்கு எங்க மாதா கோயில் திருநாளு. மல்லி இல்லாம எந்த மூஞ்சியோட நான் தோட்டத்துக்குப் போவேன்?"

"அழாதீங்க தங்கச்சி. என்ன நெறம்?"

"மாநெறந்தான். நல்லா வெயில்ல காஞ்சது."

"பெரிய உருவமா?"

"தோள்ல போட்டுத் தூக்கிக்கிட்டு ஓடுற அளவுதாங்க."

"பேர் சொல்லிக் கூப்பிட்டா கொரல் குடுக்குமா?"

"வாயக் கட்டியிருக்கே நானா!"

"யா அல்லாஹ்! வாயையும் கட்டிட்டானா பாவி?"

இது காதில் விழுந்ததும் கூட்டம் கொதித்துவிட்டது. வெற்றிலைக்கார இருளப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். "புள்ள புடிக்கிறவன் பஸ்ஸுக்குள்ளதான் இருக்கான். ஆப்பிடட்டும், எலும்ப எண்ணிப்புடுவோம்!"

பொலிஸ்காரர் பிரம்போடு அவிசாவளை பஸ்ஸின் முன்வாசலில் ஏறினார். பின்வாசல் வழியே ஒல்லி மனிதன் ஒருவன் தொப்பென்று குதித்தான். ஓடவில்லை. நேரே வந்து ஸஹாப்தீனின் காலைக் கட்டிக்கொண்டான்.

"சத்தியமா நான் புள்ள புடிக்கிறவன் இல்லீங்க மொதலாளி! இந்தக் கொத்தமல்லி மூட்டைய மட்டுந்தான் எடுத்தேன்!"

வாய் கட்டிய மூட்டை தரையில் கிடந்தது. அந்தோனியம்மா முடிச்சைத் தடவிப் பார்த்தாள், அவிழவில்லை. ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லி, அதைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

பஸ்கள் வரிசையாக ஹோர்ன் அடித்துத் திட்டின. ஸஹாப்தீன் வியர்வையைத் துடைத்தார்.

"ஏம்மா, கொத்தமல்லின்னு தெளிவாச் சொல்லியிருக்கப்படாதா?"

"சொல்லியிருந்தா பஸ்ஸ நிப்பாட்டியிருப்பீங்களா நானா?"