உள்தாழ்ப்பாள்

“சாமி இல்லேன்னு சொல்ற பொண்ணுக்கு சாமி ரூம்ல என்ன வேலை?”

ஸ்டோர்காரர் பொருமிக்கொண்டே கையுறைகளை அடுக்கினார்.

அந்தத் தொழிற்சாலையில் பிரார்த்தனைக்கென்று ஒரு அறை இருப்பதே, அவர் பழைய முதலாளியை நச்சரித்து வாங்கியதால்தான். எந்தச் சாமிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று படம் எதுவும் மாட்டவில்லை. ஒரு பெஞ்சு, ஒரு விளக்கு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். ஒரு காலத்தில் இடம் கிடைக்காமல் வாசலில் நின்று கும்பிட்டவர்கள் உண்டு. இப்போது வருவது அவர் ஒருத்தர்தான்.

யார் யார் எப்போது கழன்றுகொண்டார்கள் என்பது அவருக்கு மறக்காது. ஃபிட்டர், மகனுக்கு வேலை கிடைத்ததும் நின்றுவிட்டார். கணக்கர், மகனுக்கு வேலை கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டார். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், “சாமியெல்லாம் இப்ப போன்லயே இருக்குண்ணே” என்று சிரித்தான். அவர்களுக்கெல்லாம் ஸ்டோரிலிருந்து ஓட்டைக் கையுறைதான் போகும்.

பேக்கிங் பகுதிக்குப் புதிதாக வந்த இந்தப் பெண்ணையும் முதல் நாளே கூப்பிட்டுப் பார்த்தார்.

“காலையில வந்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போம்மா. நல்லா இருப்பே.”

“சாமியெல்லாம் இல்லைங்கய்யா. எனக்கு அந்த நம்பிக்கை போயி ரொம்ப நாளாச்சு.”

மறுநாள் அவளுக்குக் கொடுத்த கையுறை இரண்டுமே இடது கைக்கானது.

அப்படிப்பட்டவள்தான் இப்போது தினமும் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு துணிப்பையோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். வாசலில் நின்றால் ‘விர்’ரென்று மெல்லிய சத்தம் வேறு.

“போன்தான்ணே. எவன்கூடயோ பேசுறா. இல்லேன்னா படம் பாக்குறா” என்று ஏற்றிவிட்டான் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்.

ஸ்டோர்காரருக்கு அறையைப் பற்றித்தான் கவலை. மேனேஜர் அப்போதுதான் சொல்லியிருந்தார்: “யாரும் கும்பிடாத ரூம் எதுக்கு? அட்டைப்பெட்டி அடுக்க இடமில்லாம தவிக்கிறோம். ஒரு நாள் வந்து பாக்குறேன். ஆள் வந்தா இருக்கட்டும், இல்லேன்னா எடுத்துக்கலாம்.”

அவர் வரும் நேரத்தில் இவள் உள்ளே படம் பார்த்துக்கொண்டிருந்தால் அறை போனது போனதுதான்.

அன்று இடைவேளையில் போய்க் கதவைப் படபடவென்று தட்டினார்.

“ஒரு நிமிஷம்!”

“ஒரு நிமிஷமும் இல்லை. வெளியே வா.”

வந்தாள். முகமெல்லாம் வியர்வை. பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“சாமியே இல்லேன்னியே, உள்ள யாரைக் கும்பிட்டே?”

“இந்தக் கம்பெனியில உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற ரூம் இது ஒண்ணுதாங்கய்யா.”

“தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு செய்யிற வேலை அப்படி என்ன வேலை? பையைத் திற.”

“ஐயா, வேணாம்…”

“திறம்மாங்கிறேன்!”

திறந்தாள். குனிந்து பார்த்தவர், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்னை வேலைக்கு அனுப்பின ஏஜென்சிக்காரர்கிட்ட சொல்லிடாதீங்கய்யா. தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவார். மறைச்சுத்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.”

அந்த நேரம் பார்த்துத்தானா மேனேஜர் வர வேண்டும்? வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்.

“என்ன சத்தம் இங்க? உள்ள என்னம்மா பண்ணிட்டிருந்தே?”

அவள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஸ்டோர்காரர் முந்திக்கொண்டார்.

“கும்பிட்டுட்டிருந்துச்சு சார். தினமும் வருது. நான்தான் கூறுகெட்டத்தனமா நடுவுல தட்டிட்டேன்.”

“சாமியே இல்லேன்னு சொல்ற பொண்ணுன்னு இவன் சொன்னானே?”

“இவன் கிடக்கான் சார். இந்தப் பொண்ணு கும்பிடுற மாதிரி நானே கும்பிட்டதில்லை.”

“அப்ப சரி. ரூம் இருக்கட்டும்.” மேனேஜர் அட்டைப்பெட்டிக்கு வேறு இடம் பார்க்கப் போய்விட்டார். டிரைவரும் முகம் தொங்க நகர்ந்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களேய்யா.”

“அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. நான் பேசிக்கிறேன்” என்று மேலே கையைக் காட்டினார். “ஸ்டோர்ல சின்ன ஃபிரிட்ஜ் இருக்கு. பையை அதுல வை. இந்த வெக்கையில கெட்டுப் போயிடும்.”

“அப்படியே அந்தக் கையுறையையும்…”

“அது வேற. சாமி இல்லேன்னு சொன்னே இல்ல? இந்த வாரம் பூரா அதையே போடு.”

மறுநாள் காலை, யாரும் இல்லாத அறையில் நின்று வழக்கைப் பேசினார். “பொய்தான் சொன்னேன். இல்லேங்கலை. ஆனா ஆள் வரலை, ஆள் வரலைன்னு நீயும்தானே கெடந்தே? இப்ப ஒண்ணு வருது. உனக்காக வந்தா என்ன, யாருக்காக வந்தா என்ன?”

மறுபேச்சு வரவில்லை. தீர்ப்பு தன் பக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு இடைவேளையிலும் அவருக்கு ஒரு கும்பிடு உண்டு. அறைக்கு வெளியே, சாத்திய கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகூப்பிக் கண்ணை மூடி நிற்பார்.

“என்னண்ணே, உள்ளயே போக மாட்டேங்கிறீங்க? உங்களுக்கும் நம்பிக்கை போயிடுச்சா?” என்று சீண்டினான் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்.

“போடா. இப்பத்தான் கெட்டியா வந்திருக்கு. நீ அந்தப் பக்கமா சுத்திப் போ.”

கதவுக்கு உள்ளே அவள், வீட்டில் விட்டு வந்த கைக்குழந்தைக்காக, ‘விர்’ரென்று ஓடும் சின்ன பம்பால் புட்டியில் தாய்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தாள்.