பக்க வகிடு

"நீதானே பிடுங்கினே? உண்மையைச் சொல்லும்மா!"

உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக மாமா கேட்டார். பஸ் கண்டக்டர். டியூட்டிக்குப் போகிற சட்டையோடு நேராக வந்திருந்தார்.

கேட்டது சித்தியை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாண்டுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வாண்டுவுக்கு ஒன்பது வயசு. மாமாவின் இறந்துபோன தங்கைக்கு ஒரே மகள். சித்தி, வாண்டுவின் அப்பாவுக்கு இரண்டாம் மனைவியாக இந்த வீட்டுக்கு வாழ வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

"எங்கே, தலையைக் காட்டு."

"பின்னி முடிச்சுடறேண்ணா. ஸ்கூல் வேன் வர்ற நேரம்."

"காட்டுன்னு சொன்னேன்!"

மாமாவே முடியை விலக்கினார். வலது காதுக்கு மேலே, பாட்டில் மூடி அளவுக்கு வெறும் தோல்.

மாமா குனிந்து உற்றுப் பார்த்தார். நேற்று கீழ்வீட்டு அம்மா போனில் சொன்னபோதுகூட முழுசாக நம்பவில்லை.

"தினம் காலைல கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் வாருறாங்க. உள்ளே ஒரே சத்தம். என் பொண்ணும் அதே கிளாஸ்தான். இந்தம்மாவே வந்து, 'நான்தான் பிடுங்கிட்டேன்'னு டீச்சர் முன்னாடி சொல்லிச்சாம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!"

மாமா குரலை அடக்கிக்கொண்டு கேட்டார். "ஸ்கூல்ல நீயா போய்ச் சொன்னியா?"

"ஆமாண்ணா."

"நீதான் பிடுங்கினியா?"

சித்தியின் சீப்பு ஒரு நொடி நின்றது. வாண்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சித்தி அந்தத் தலையை மெதுவாகக் குனிய வைத்தாள்.

"ஆமாண்ணா. சிக்கு எடுக்கும்போது கோபத்துல இழுத்துட்டேன்."

"தாயில்லாப் பிள்ளைன்னா கேக்க நாதி இல்லைன்னு நினைச்சியா?"

சித்தி ரிப்பனைக் கையில் எடுத்தாள்.

"மருந்துக்கடையில வேலை பாக்கறே. படிச்சவ. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவியாம். வீட்டுக்குள்ள இதுதான் லட்சணமா?"

"தப்புதான்."

எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலாவது மாமாவுக்கு ஆறியிருக்கும். அந்தத் 'தப்புதான்' அவரை இன்னும் ஏற்றிவிட்டது.

"மாப்பிள்ளை லாரி எடுத்துக்கிட்டுப் போய் பத்து நாளாச்சு. வரட்டும், பேசிக்கிறேன். அதுவரைக்கும் பிள்ளை இங்கே இருக்கக் கூடாது. வாண்டு, எழுந்திரு. துணியை எடுத்து வை. நம்ம வீட்டுக்குப் போறோம்."

சித்தியின் முகம் வெளுத்தது.

"அண்ணா, வேண்டாம். ஒரே ஒரு மாசம் குடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"எதுக்கு? மிச்சத்தையும் பிடுங்கறதுக்கா?"

சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

மாமா வாண்டுவின் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். அலமாரியைத் திறந்து கைக்கு வந்த கவுன்களை எல்லாம் பைக்குள் திணித்தார்.

"பயப்படாதே. இனிமே உன் மேல யாரும் கை வைக்க மாட்டாங்க. உன் அத்தை பாத்துக்குவா. முன்னாடி ஆறு மாசம் நம்ம வீட்டுல சந்தோஷமாத்தானே இருந்தே?"

திரும்பிப் பார்த்தார்.

வாண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வலது கை தானாகக் காதுக்கு மேலே போனது. இரண்டு விரல் ஒரு முடியைத் தேடிப் பிடித்தது. சுற்றியது. வெடுக்கென்று இழுத்தது.

மாமாவின் கையிலிருந்த பை நழுவியது.

"வாண்டு! என்ன பண்றே?"

அவள் திடுக்கிட்டுக் கையைப் பார்த்தாள். விரலில் ஒற்றை முடி. அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வேணும்னு பண்ணல மாமா. தானா போயிடுது."

"எப்போ இருந்து?"

"அம்மா செத்துப்போனதுல இருந்து. உங்க வீட்டுல இருந்தப்பவும் பண்ணுவேன். யாரும் பாக்கல. சித்திதான் முதல்ல பாத்தாங்க."

மாமா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. சரியாயிடும், ஆனா நாளாகும்னார். திட்டக் கூடாதுன்னும் சொன்னார். அதான் சித்தி திட்ட மாட்டாங்க. கை போனா மட்டும் 'எடு எடு'ன்னு கத்துவாங்க. அப்புறம் இந்தப் பக்கமா வகிடு எடுத்து, சின்னதா பின்னி, தெரியாம மூடி விடுவாங்க."

"அப்போ ஸ்கூல்ல எதுக்கு அவ..."

"விளையாடும்போது கிளிப் கழண்டுடுச்சு மாமா. எல்லாரும் பாத்துட்டாங்க. நானே பிடுங்கிக்கிறேன்னு ஒருத்தி கண்டுபிடிச்சுட்டா. 'பைத்தியம், பைத்தியம்'னு கிளாஸே கத்திச்சு. நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு அழுதேன். மறுநாள் சித்தி வந்து, நான்தான் பண்ணேன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் என்னைப் பாத்துக் கத்தல."

சொல்லிவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணியிருக்காங்க. நீங்களும் சொல்லிடாதீங்க மாமா."

ஐந்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. மாமா வெறுங்கையோடு வெளியே வந்தார். வாண்டுவை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

சித்தி அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நின்றாள்.

"பின்னி விடும்மா," என்றார். "வேன் வந்துடப்போகுது."

படியிறங்கும்போது கீழ்வீட்டு அம்மா காத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, ஒத்துக்கிட்டாளா?"

"ஒத்துக்கிட்டாங்க."

"அப்புறமும் பிள்ளையை அங்கேயே விட்டுட்டு வர்றீங்களே!"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் தங்கச்சி உயிரோட இருந்திருந்தா, அவளும் இப்படித்தாங்க ஒத்துக்கிட்டிருப்பா."