இரண்டு கூட்டுக் குளவிகள்

"குளவிப் பெட்டியை நீங்கதானே மாத்தி வச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல மேடம். தீனி வைக்கிறதோட என் வேலை சரி." அட்டெண்டர் கையைப் பிசைந்தார்.

மேடத்துக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பின்னே? குளவி உடம்பின்மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு. அதிலுள்ள ரசாயனம் கூட்டிலிருந்து ஒட்டுவது; கூட்டுக்குக் கூடு வேறு. அந்த வாசனையை வைத்துத்தான் நம்ம ஆளா, வெளியாளா என்று குளவி கண்டுபிடிக்கும். வெளியாள் என்றால் கொட்டித் தீர்த்துவிடும்.

இரண்டு கூட்டின் பூச்சையும் ஒப்பிட்டு நாளைக்கு, பணம் ஒதுக்கும் கமிட்டியிடம் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கே மூடுவிழா. இந்த நேரம் பார்த்து, பூச்சைச் சோதித்த கருவி தந்த இரண்டு வரைபடமும் அச்சு அசல் ஒன்றாக வந்திருக்கின்றன.

பள்ளி விட்டதும் நேரே இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடும் மகள், மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா திரும்பியதும் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"கையைக் காட்டுடி."

விரல் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

"நான்தாம்மா. தீனி போடுற ஓட்டை வழியா, இந்தக் கூட்டைக் கொஞ்சம் பிச்சு அதுல போட்டேன். அதைப் பிச்சு இதுல போட்டேன்."

"என் வயித்துல அடிச்சிட்டியேடி. ஏண்டி இப்படிப் பண்ணினே?"

"ஒரே வாசனை வந்துட்டா சண்டை போடாதுன்னு நீதானே சொன்னே?"

அடிக்க ஓங்கிய கை, களிம்பு தேடிப் போனது. பெற்ற மனசு, வேறென்ன செய்யும்?

"தப்பாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள் அட்டெண்டரிடம். "கமிட்டி கால்ல விழுந்தாவது ஒரு மாசம் டைம் கேக்கணும்."

"அட விடுங்க மேடம், குழந்தைதானே."

போன் அடித்தது. கணவர்.

அவருக்கும், கீழ் வீட்டில் குடியிருக்கும் அவள் அண்ணனுக்கும் வண்டி நிறுத்துகிற இடத்துக்காக வாய்த்தகராறு. முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷமாகிறது. நடுவில் கிடந்து அல்லாடுவது இவள்தான்.

"என் பீரோவுல உன் அண்ணன் சட்டை எப்படி வந்துச்சு?" கணவர் குசுகுசுத்தார். "என் சட்டை அவர் பீரோவுல கிடந்துச்சாம். கையில எடுத்துக்கிட்டு மாடியேறி வந்து வாசல்ல நிக்கிறார். இப்ப நான் என்ன பண்ண?"

அவள் மகளைப் பார்த்தாள். மகள் அவசரமாக வீட்டுப்பாடத்தில் குனிந்துகொண்டாள்.

"வந்தவரை நிக்க வச்சுக்கிட்டா போன் பேசுறீங்க? முதல்ல உள்ளே கூப்பிட்டு உக்காரச் சொல்லுங்க."