வீராங்கனைக்கு மருந்து

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டிய அவன், “பூதம் அடிச்சிடுச்சு. வீராங்கனை உயிர் ஊசலாடுது” என்றான். ஆளுக்கொரு வேடம் கொடுத்து, கதை சொல்லி மேசையில் ஆட்டம் நடத்துவது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

“எப்பப் பாரு என்னையேதான் அடிக்குது! நீ அந்த மந்திரக்காரி பக்கம்!” என்று பொரிந்து தள்ளினாள் வீராங்கனையாக ஆடியவள்.

மந்திரக்காரி அவனைப் பார்த்துச் சொன்னாள். “மருந்து என்கிட்ட இருக்கு. வேணும்னா கேக்கச் சொல்லுங்க.”

“அவகிட்ட நான் கேக்கணுமா? நீயே வாங்கிக் குடு.”

அவனுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“நான் கதை சொல்றவன், தபால்காரன் இல்ல! நேராக் கேட்டாதான் மருந்து. இல்லன்னா வீராங்கனை காலி, ஆட்டமும் காலி. நான் கடையக் கட்டுறேன்!”

வீராங்கனை மேசை விரிப்பின் ஓரத்தைத் திருகினாள். பிறகு எதிர் நாற்காலியைப் பார்த்து, “அந்த மருந்தக் கொஞ்சம் குடும்மா” என்றாள்.

மந்திரக்காரி சட்டென்று நிமிர்ந்தாள். “இந்தாங்க அத்தை. நீங்க பின்னால நில்லுங்க, பூதத்த நான் பாத்துக்கிறேன்.”

“தனியா ஏன் மாட்டிக்கிறே? நான் கத்திய எடுக்கிறேன், நீ அதோட கண்ணக் கட்டு.”

ஒரே சமையலறையில் ஒரு வருஷமாக முகம் பார்த்துப் பேசாத அவனுடைய அம்மாவும் மனைவியும், பூதத்தை எப்படித் தீர்த்துக்கட்டுவது என்று தலையோடு தலை சேர்த்துப் பேசத் தொடங்கினார்கள்.

அவன் தடுப்புக்குப் பின்னால் கிடந்த பகடையைச் சத்தமில்லாமல் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதில் விழுந்திருந்தது ஒன்று. ஆட்டத்தின் விதிப்படி, பூதத்தின் அடி அம்மாமேல் படவே இல்லை.