இருபத்திரண்டாம் கட்டில்

"மனுஷன் வந்தா வாசல்லயே கையைக் கழுவச் சொல்றீங்க. கிருமியைப் பெட்டியில வச்சு மரியாதை பண்றீங்க. நல்லா இருக்கு இந்தக் காலத்து நியாயம்!"

காலுக்கு மாட்டச் சொன்ன நீல உறையை மேசை மேல் போட்டுவிட்டுப் பெரியவர் உட்கார்ந்தார். பல்கலைக்கழகத்தின் தொற்றுநோய் ஆய்வுக்கூடம் அது. அங்கே படித்துப் போனவர்களும் இப்போது வேலை செய்கிறவர்களும் வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிற நாள். கையில் தேநீரோடு பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ஆய்வுக்கூடம் அனுப்பியதுதான். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த விலாசத்துக்கு, 'குடும்பத்தாருக்கு' என்று எழுதிப் போட்டிருந்தார்கள்.

"இதுல என்ன கேக்கறீங்கன்னு வாயால சொல்லுங்க. நாலு வரிக்கு மேல எனக்கு ஓடாது."

பேராசிரியை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடிங்க. உங்க குடும்பத்து ஆள் ஒருத்தர் காய்ச்சலோட பெரியாஸ்பத்திரியில இருபத்திரண்டாம் கட்டில்ல கிடந்தார். எந்த மருந்துக்கும் அசையாத காய்ச்சல். அவர் ரத்தத்துல இருந்து எடுத்த கிருமியை இன்னிக்கும் உறைபெட்டியில உயிரோட வச்சிருக்கோம்."

"எடுக்கறப்போ அவன்கிட்ட கேட்டீங்களா?"

"அப்போ கேக்கற வழக்கம் இல்லீங்க. இப்போ சட்டம் வந்திருக்கு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள அவர் சொந்தக்காரங்க கையெழுத்து போட்டுத் தரணும். இல்லேன்னா அத்தனையையும் வேக வச்சுக் கொட்டிடணும்."

"கொட்டித் தொலைங்க. கிருமிதானே? குழந்தையா?"

ஆராய்ச்சி மாணவி முன்னால் வந்தாள்.

"ஐயா, அஞ்சு வருஷமா அந்தக் கிருமி மேலதான் ஒரு புது மருந்தைப் போட்டுப் பார்க்கறேன். எல்லா மருந்தையும் தின்னு ஏப்பம் விட்ட கிருமி. போன மாசம்தான் முதல் தடவையா சாக ஆரம்பிச்சிருக்கு. இப்போ கொட்டினா எல்லாமே போச்சு."

"மருந்து கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்லாதவன் எவன்?"

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஆய்வுக்கூடத்தின் முதல் மாணவர் அவர்தான். அவர் சொல்லப்போகிற கதை அங்கே எல்லாருக்கும் மனப்பாடம்.

"பெரியவரே, அந்த ரத்தத்தை எடுத்தவனே நான்தான். உயிர் போற நேரத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'டாக்டர், என் நோயாவது நாலு பேருக்கு உதவட்டும்'னு சொன்னார். அந்தக் கையோட சூடு இன்னும் மறக்கலை."

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவனா? அப்படியா சொன்னான்?"

"சத்தியமா."

"எப்போ செத்தான்?"

"விடிகாலையில."

"நீங்க கூடவே இருந்தீங்க?"

"அது... நான் காலையில வார்டுக்கு வந்தப்போ கட்டில் காலியா இருந்துச்சு."

"அப்போ சாவறதைப் பார்க்கலை."

"அந்த வார்டுல, அந்தக் காய்ச்சல்ல, காலிக் கட்டிலுக்கு வேற என்ன அர்த்தம் பெரியவரே? ரிஜிஸ்டர்ல 'காலமானார்'னு எழுதினதே நான்தான்."

"கையைப் பிடிச்சது?"

"முந்தின நாள். ஊசி குத்தறப்போ."

"வேணாம்னு தள்ளியிருப்பான்."

பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். டாக்டர் தேநீரைக் குடித்தார். கோப்பை காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

பேராசிரியை சமாளித்தார். "ஐயா, அவர் புண்ணியத்துல இங்க எட்டுப் பேர் பட்டம் வாங்கியிருக்கோம். வருஷா வருஷம் அந்த உறைபெட்டி முன்னாடி ஒரு நிமிஷம் மௌனமா நிக்கறோம். எங்களை நம்புங்க."

"நம்பறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?" பெரியவர் எழுந்தார். போகத் திரும்பியவர் மாணவியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. உன் மருந்து மனுஷனைப் பிழைக்க வைக்குமா?"

மாணவி ஒரு தடவை பேராசிரியையைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க. கண்ணாடித் தட்டுல கிருமி சாவுது. மனுஷ உடம்புல என்ன ஆகும்னு இன்னும் தெரியாது."

"தெரியாதுன்னு சொன்னவ இந்த ரூமுலயே நீ ஒருத்திதான். கொண்டா பேனாவை."

படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கட்டமாக மாணவி படித்துச் சொன்னாள். அவர் பரீட்சை எழுதுகிறவர் போல இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வெகுநேரம் பிடித்தது.

"அவருக்கு நீங்க அண்ணனா, தம்பியா?" என்று எட்டிப் பார்த்தார் பேராசிரியை.

"எழுதறேன்ல? அவசரப்பட்டே எல்லாத்தையும் கெடுக்கறீங்க."

தாளை நாலாக மடித்து மாணவியின் கையில் திணித்தார்.

"உனக்காகப் போட்டது. இந்தக் கும்பல் சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பலை."

யாரையும் பார்க்காமல் நடந்தார். தாழ்வாரம் முழுக்க அவர் முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே போய், வெளிக்கதவு சாத்தியதும் நின்றது.

"பாவம்," என்றார் டாக்டர். "கூடப்பிறந்தவன் போன துக்கம் இத்தனை வருஷம் ஆகியும் ஆறலை."

மாணவி தாளைப் பிரித்தாள். கையெழுத்து இருந்தது. 'இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?' என்ற கட்டத்தில் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது:

'நான்தான் அவன். மறுபடி குத்துவாங்கன்னு பயந்து ஓடிட்டேன்.'