முதல் தூக்கு

தூக்குச் சுருக்கை எல்மரின் கழுத்தில் மாட்டிய கிரண்ட், அவன் வாயிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பசித்தவன் ரொட்டிக்கடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"குதிரைத் திருடன் வேஷம் கிரண்டுக்கு வரவேண்டியது" என்று காலையில் பவுடர் பூசும்போதே லோட்டி சொல்லியிருந்தாள். "உன் மூஞ்சியப் பாத்ததும் டைரக்டர் மாத்திட்டாரு. இப்ப அவன்தான் உன்னைத் தூக்குல போடுறவன். பாத்து நடந்துக்கோ தம்பி."

அப்போது எல்மர் சிரித்தான். இப்போது குதிரைமேல், கைகள் பின்னால் கட்டுண்டு, கழுத்தில் கயிறோடு இருந்தான். சிரிப்பு அவன் பிறந்த நெப்ராஸ்காவுக்கே திரும்பிப் போயிருந்தது.

பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். சட்டைக்குள் தோல்வார், வாரிலிருந்து முதுகுவழியே ஒரு கம்பி. கம்பி நுனியிலுள்ள கொக்கியைக் கயிற்றுக்குள் மறைந்த வளையத்தில் மாட்டிவிட்டால் பாரம் முழுவதும் வாருக்குப் போய்விடும், கழுத்துக்குக் கூச்சம் மட்டும்தான்.

இயக்குநர் ஹார்கன் மெகாஃபோன் குழலில் கத்தினால் மலையில் இருக்கும் முயல்கள் வீடு மாற்றிவிடும். ஆனால் கிரண்டுக்கு மட்டும் உதவியாளர் ஒருவர் சிவப்புக் கைக்குட்டையை ஆட்டுவார். பழைய ஆளுக்குத் தரும் மரியாதை என்று எல்மர் நினைத்துக்கொண்டான்.

கேமரா ஓடத் தொடங்கியது. நடிகர்களுக்குச் சோகம் வருவதற்காக மூன்று வயலின்களும் ஒரு ஆர்மோனியமும் அழுதன.

அப்போதுதான் எல்மரின் முதுகெலும்பில் ஏதோ சில்லென்று தட்டியது. கொக்கி. மாட்டப்படாத கொக்கி. அதை மாட்டவேண்டிய ஆள், காற்றில் பறந்த தன் தொப்பியைத் துரத்திக்கொண்டு தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

காட்சியைக் கெடுத்தால் வேலை போகும். இரண்டு கம்பெனிகள் ஏற்கெனவே அவனை வெளியே தள்ளிவிட்டன. ஆனால் கழுத்து ஒன்றுதான் இருந்தது.

"ஐயா, கொக்கி மாட்டல! நிறுத்துங்க!"

பேசாப் படத்தில் வாய் அசைந்தால் போதும், யார் என்ன சொல்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. கதாநாயகிகள் காதலனிடம் கண்ணீரோடு மதியச் சாப்பாடு என்னவென்று விசாரிப்பார்கள்.

"பிரமாதம்!" ஹார்கன் குதித்தார். "அப்படியே கத்து! வயலின், இன்னும் சத்தமா!"

"நெசமாத்தான் சொல்றேன்! செத்துருவேன்!"

"கண்ணை இன்னும் உருட்டு, கண்ணு!"

ஊர்ச் சனங்களாக நின்ற ஐம்பது பேரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். லோட்டி மூக்கைச் சிந்தினாள். கிரண்ட் மட்டும் அதே பார்வையோடு நெருங்கி வந்தான்.

கைக்குட்டை ஆடியது. கிரண்ட் குதிரையை அடிக்கக் கையை ஓங்கினான். ஓங்கிய கை நின்றது. மறுகை எல்மரின் பிடரிக்குப் பின்னால் போய்த் துழாவியது. 'டக்'கென்று ஒரு சத்தம். அதன்பிறகு குதிரைக்கு விழுந்தது அடி.

எல்மர் வாரில் தொங்கினான். தான் உயிரோடிருப்பதை நம்ப அவனுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"எங்கடா கத்துக்கிட்ட இந்த நடிப்பை?" ஹார்கன் அவனைக் கட்டிக்கொண்டார். "அடுத்த படத்துல நீதான் ஹீரோ."

எல்மர் லோட்டியிடம் வந்தான். "தொண்டை கிழியக் கத்தினேன். இத்தனை பேர்ல அந்த மனுஷன் காதுல மட்டும்தான் விழுந்திருக்கு. அவரைப் போய்த் தப்பா நெனச்சேனே."

கிரண்ட் பெட்டிமேல் திரும்பி உட்கார்ந்து பன்றிக்கறி ரொட்டி தின்றுகொண்டிருந்தான். எல்மர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, "அண்ணே, ரொம்ப நன்றி" என்றான். இன்னொரு முறை சொன்னான். ரொட்டி குறைந்துகொண்டே போனது.

"இன்னும் கோபம்போல" என்றான் எல்மர்.

"முன்னாடி போய் நின்னு, வாயக் காட்டிப் பேசு" என்றாள் லோட்டி. "பட்டாளத்துல சண்டைக்குப் போய் வந்ததுலேருந்து அவனுக்குக் காது கேக்காது."