மெஷின் குடித்த தண்ணீர்

மூடிய கூடத்தில் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று இரவு பகலாகக் ‘கொர்ர்’ரென்று உழைத்தது. காற்றிலிருந்து இழுத்த ஈரத்தையெல்லாம் தன் வயிற்றுத் தொட்டியில் நிரப்பியது. ஆனால் சுவரில் தொங்கிய, காற்றின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் மீட்டருக்கு ஒரே பாட்டுதான்: “எண்பது! இன்னும் எண்பதேதான்டா, தடியா!”

“இன்னிக்கும் ஈரம் குறையலைன்னா இதைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன்,” என்றாள் வீட்டுக்காரி.

மெஷின் அவசரமாகச் சுற்றிலும் நோட்டமிட்டது. ஜன்னலைப் பார்த்தது; மூடித்தான் இருந்தது. தன் ஃபில்டரைத் தடவிப் பார்த்தது, தூசியே இல்லை.

அப்போது தரை துடைக்கும் மாப் சளப் சளப்பென்று வந்தது.

“ஏம்ப்பா, உனக்கு இவ்வளவு தண்ணி ஏது?” என்றது மெஷின்.

“எல்லாம் உங்க தண்ணிதாண்ணே! தரை பிசுபிசுங்குதுன்னு அம்மா தினமும் துடைக்கிறாங்க. நல்ல தண்ணியை எதுக்குக் கொட்டணும்னு உங்க தொட்டியை என் வாளியிலதான் கவுக்குறாங்க.”

“அப்போ... நான் இத்தனை நாளா குடிச்சது?”

“நீ துப்பினதுதான்!” என்று கெக்கலித்தது மீட்டர்.

அதிர்ச்சியில் மெஷினின் விசிறி அப்படியே நின்றுவிட்டது.

“அட, ஓடவே மாட்டேங்குதே!” என்று வீட்டுக்காரி பரணுக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

மாப் அலறியது: “ஐயய்யோ அண்ணே, படுக்கையறை பாக்கியிருக்கே! தண்ணிக்கு நான் எங்கே போவேன்?”